திருமங்கலத்துப் பட்டறையில் 4007 டயோடு: பதினெட்டு ஆண்டு அனுபவம்

திருமங்கலத்தில் கிணற்று மோட்டார் பேனல்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுது பார்க்கும் என் பட்டறையில், பதினெட்டு ஆண்டுகளாக அதிகம் செலவாகும் உதிரிப்பாகம், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 4007 (1N4007) டயோடுதான். அந்த வரிசையில் 4001 முதல் 4007 வரை ஏழும் 1 ஆம்பியர் வகையே. தலைகீழாகத் தாங்கும் மின்னழுத்தம் மட்டும் 50 வோல்ட்டில் தொடங்கி 1000 வோல்ட் வரை ஏறுகிறது. விலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லாததால் 4007-ஐத் தவிர மற்றவற்றை நான் வாங்குவதில்லை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் அதன் உச்சம் 325 வோல்ட்டைத் தொடும். தோட்டத்து லைன்களில் மோட்டார்கள் நின்றபின் அது இன்னும் ஏறுவதால், இந்தத் தாராளம் தேவைப்படுகிறது.

சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் 2009இல் நான் அமைத்துக் கொடுத்த பேனலில் கெப்பாசிட்டரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் உள்ள நான்கு டயோடுகளும் அன்று வைத்தவையே. ரிலேயின் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) சுருளுக்குக் குறுக்கே வைத்த டயோடும் அப்படியே இருக்கிறது. ரிலே விடுபடும் கணத்தில் சுருளில் தேங்கிய ஆற்றல், ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரைத் தாக்காமல், டயோடு வழியே சுற்றித் தணிந்துவிடுகிறது. வெள்ளைக்கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

ஆனால் இந்த டயோடு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது என்பதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். ஒரு வாடிக்கையாளரின் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி வெட்டி மாற்றும் பவர் சப்ளை) போர்டில், வெளியீட்டுப் பக்கத்தில் இருந்த வேக டயோடு கையில் இல்லாததால் 4007-ஐப் பற்றவைத்தேன். சில நிமிடங்களில் அது தொட முடியாதபடி சுட்டு, ஷார்ட் ஆனது. மின்னோட்டம் திசை மாறியதும் உடனே அடைத்துக்கொள்ள இதனால் இயலாது. நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் இடத்தில் அந்தத் தாமதம் முழுவதும் வெப்பமாகிறது. அங்கே யூஎஃப்4007, எஃப்ஆர்107 போன்ற வேக டயோடுகளே வேண்டும். குறைந்த வோல்ட்டுக்கு, உடனே அடைத்துக்கொள்ளும் ஷாட்கி வகையான 5819 நன்று.

முழு 1 ஆம்பியர் ஓடும்போது டயோடு ஏறக்குறைய 1 வோல்ட்டை விழுங்குவதால், 1 வாட் வெப்பம் அந்தச் சிறிய உடலில் பிறந்து பெரும்பாலும் கம்பிகள் வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே முக்கால் ஆம்பியரைத் தாண்டும் இடங்களில் 3 ஆம்பியர் 5408-ஐ வைக்கிறேன். பெரிய கெப்பாசிட்டர் உள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்கும் அதுவே, ஏனெனில் சுவிட்ச் போட்டவுடன் பாயும் மின்னோட்டம் மிகப் பெரியது. கம்பி மெல்லியதாய், காந்தத்தில் ஒட்டுவதாய் வரும் மலிவுச் சரக்கை நான் தவிர்க்கிறேன். என் கையில் அவை சீக்கிரம் சூடேறின.

சோதிக்கும்போது ஒரு காலையாவது போர்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். மல்டிமீட்டர் ஒரு திசையில் 0.5 முதல் 0.6 வோல்ட் வரை காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாவிட்டால் டயோடு நல்லது. இரு திசையிலும் சுழியம் என்றால் ஷார்ட். பிரிட்ஜில் ஒன்று போயிருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன்.