சூனியக்காரி வேட்டையா, ராணியின் கண்ணாடியா? மறுபடி பார்க்க எது தேறும்

பாட்டி கதைகளை எடுத்து, நாயகன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, சண்டைப் படமாக மாற்றும் மோகம் 2012, 2013 வாக்கில் ஹாலிவுட்டைப் பிடித்து ஆட்டியது. ஒன்பது மாத இடைவெளிக்குள் மூன்று படங்கள் வந்தன: ‘ஸ்னோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மேன்’, ‘ஹான்சல் அண்ட் கிரெட்டல்: விட்ச் ஹன்டர்ஸ்’, ‘ஜாக் தி ஜெயன்ட் ஸ்லேயர்’. இந்த விடுமுறையில் முதல் இரண்டையும் மறுபடி முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். ஜாக்கை அங்கங்கே ஓட்டித்தான் பார்த்தேன், அதனால் அதைப் பற்றி ரொம்ப அழுத்திப் பேசப்போவதில்லை.

ஒரு ராத்திரி, ஒரு படம் என்றால் என் ஓட்டு ஹான்சலுக்கும் கிரெட்டலுக்கும்தான். சின்ன வயசில் மிட்டாய் வீட்டுச் சூனியக்காரியிடம் மாட்டித் தப்பிய உடன்பிறப்புகள், வளர்ந்தபின் சூனியக்காரிகளை வேட்டையாடும் கதை அது.

பணக் கணக்கில் ஸ்னோ ஒயிட் எங்கேயோ இருக்கிறது. அதன் பட்ஜெட் சுமார் 17 கோடி டாலர், இதற்கு 5 கோடி. அங்கே உடை வடிவமைப்புக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, இங்கே விமர்சகர்களிடம் நல்ல அடி கிடைத்தது. அதெல்லாம் முதல் தடவை டிக்கெட் எடுக்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு. மறு தடவை பார்க்கும்போது முடிவு தெரியும், யார் சாவார் என்பது தெரியும். அப்போது கண் கதையை விட்டுவிட்டு மூலைமுடுக்கை மேய ஆரம்பிக்கிறது. அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஹான்சல் படத்தில் இருக்கிறது. எட்வர்ட் என்ற பூதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இப்படி ஒரு உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து விடுவதுதான் வழக்கம். இயக்குநர் டாமி விர்கோலா அதற்கு ஆள் உள்ளே நுழைந்து நடிக்கும் முழு உடம்பையே செய்ய வைத்தார். உள்ளே இருப்பவர் டெரெக் மியர்ஸ், முகத்தின் அசைவுகளை வெளியிலிருந்து ரிமோட்டில் இயக்கினார்கள். ஊர் ஷெரிஃபின் ஆட்கள் கிரெட்டலை அடித்துப் போட்டபின் எட்வர்ட் வந்து அவர்களைத் துவம்சம் பண்ணும் காட்சி சும்மா ரத்தக்களரி. அதற்கு அடுத்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் சில நொடிகளைக் கவனியுங்கள். கிரெட்டலாக நடிக்கும் ஜெம்மா ஆர்டர்டனின் பார்வை சரியாக அந்த முகத்தில் போய் விழுகிறது, ஏனென்றால் அங்கே உண்மையிலேயே ஒரு முகம் இருக்கிறது. தோலில் விழும் வெளிச்சமும் இருவருக்கும் ஒன்றுதான். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பூதத்துக்கு வயசாகவில்லை.

அதே காட்சியில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. ஏன் என்னைக் காப்பாற்றினாய் என்று அவள் கேட்கிறாள், பூதங்கள் சூனியக்காரிகளுக்குச் சேவகம் செய்பவை என்கிறது எட்வர்ட். முதல் தடவை அது காதில் விழுந்து போய்விடும். கிரெட்டல் யார் வயிற்றுப் பிள்ளை என்பது தெரிந்தபின் கேட்டால், படம் பாதியிலேயே விடையைச் சொல்லிவிட்டது புரியும். ஆரம்பத்தில் மிட்டாய் வீட்டில் அந்தக் கிழவியின் மந்திரம் இந்தப் பிள்ளைகள் மேல் பலிக்காமல் போவதும் அப்படித்தான்.

அப்புறம் ஹான்சலின் சர்க்கரை நோய். கிரிம் சகோதரர்களின் கதையில் சூனியக்காரி பையனை அடைத்து வைத்துத் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைக்கிறாள், இல்லையா? அவ்வளவு இனிப்பைத் திணித்தால் பிற்பாடு என்ன ஆகும் என்று இந்தப் படம் யோசித்திருக்கிறது. ஹான்சலாக நடிக்கும் ஜெரமி ரென்னரின் கடிகாரம் மணி அடிக்கும், அவர் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு ஊசியைக் குத்திக்கொள்வார். இன்சுலினைக் கண்டுபிடித்ததே 1921-இல்தானே என்று கேட்டால் படம் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். சுழல் துப்பாக்கியும் வருகிறது, ஒன்றும் கேட்கக் கூடாது. ஊர்த் தெருவில் விற்கும் பால் பாட்டில்களில் காணாமல் போன பிள்ளைகளின் முகம் வரைந்த காகிதம் கட்டியிருக்கும். 1980-களில் அமெரிக்காவில் பால் அட்டைப்பெட்டிகளில் இப்படிப் படம் அச்சிட்டதை வைத்து அடித்த நையாண்டி அது. நான் முதல் தடவை கவனிக்கவே இல்லை.

குறை இல்லையா? நிறைய. வசனத்தில் பாதி, கெட்ட வார்த்தை சொன்னாலே சிரிப்பு வந்துவிடும் என்று நம்பி எழுதியது. சண்டைக் காட்சிகளில் வெட்டு வெட்டென்று வெட்டியதில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே சில இடங்களில் தெரிவதில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. சலிப்பதற்குள் பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும்.

ஸ்னோ ஒயிட்டின் கதை வேறு. கெட்ட ராணியாகச் சார்லீஸ் தெரான் வரும் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் மூன்று படங்களிலும் அதுதான் ஒசத்தி. வட்டத் தட்டு மாதிரியான மந்திரக் கண்ணாடியிலிருந்து உருகிய தங்கம் வழிந்து, முக்காடு போட்ட உருவமாக எழுந்து நிற்கும் இடம் இன்றைக்கும் கம்பீரமாக இருக்கிறது. உடை வடிவமைப்பாளர் காலீன் அட்வுட்டின் இறகு அங்கிகளையும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். வேல்ஸில் மார்லோஸ் கடற்கரையில் ஈர மணலில் குதிரைப்படை பாய்வதும் நிஜமான பாய்ச்சல், அதில் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல், ராணி இல்லாத நேரத்தில்தான். 127 நிமிடப் படத்தில் காட்டில் நடந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் தடவை அடுத்து என்ன என்ற ஆவலில் கூடவே நடந்துவிடலாம், மறு தடவை கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. குள்ளர்கள் வேறு உறுத்துகிறார்கள். பாப் ஹாஸ்கின்ஸ், இயன் மெக்‌ஷேன், டோபி ஜோன்ஸ் என்று பெரிய பெரிய நடிகர்களின் முகங்களைச் சின்ன உடம்புகளில் ஒட்ட வைத்திருக்கிறார்கள். உயரம் குறைந்த நடிகர்களுக்கே அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்கலாமே என்ற எதிர்ப்பு அப்போதே வந்தது. இப்போது பார்க்கையில் நியாயம் ஒருபக்கம் இருக்கட்டும், கண்ணுக்கே அது பொருந்தவில்லை. ஹாஸ்கின்ஸின் கடைசிப் படம் இது என்பதால் அவர் வரும் இடங்களை மட்டும் பொறுமையாகப் பார்த்தேன்.

ஜாக் பற்றி ஒரு வார்த்தை. அதன் பூதங்கள் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் உருவாக்கியவை. பில் நை குரல் கொடுத்த இரட்டைத் தலைத் தளபதிகூட எனக்கு வீடியோ கேம் உருவம் போலத்தான் பட்டது. இவான் மெக்ரெகரை மாவில் சுருட்டி அடுப்பில் வைக்கப் பார்க்கும் சமையலறைக் காட்சி மட்டும் நல்ல வேடிக்கை. நான் பார்த்ததெல்லாம் வீட்டு டிவியில். தியேட்டரில் 3டி-யில் பார்த்தவர்கள் அந்த பூதங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

ஹான்சல் படத்தில் ரத்தம் கூடுதலாக உள்ள, பத்து நிமிடம் போல நீளமான பதிப்பு ஒன்றும் இருக்கிறது. எது கிடைத்தாலும் சரிதான், ஆனால் பிள்ளைகள் தூங்கியபின் போடுங்கள். தலை நசுங்குவது, உடம்பு சிதறுவது எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வரும். கூடத்தில் பள்ளிக்கூட வயசுப் பிள்ளைகள் இருந்தால் ஸ்னோ ஒயிட்தான் வழி, நடுக்காட்டுப் பகுதியில் எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.