ஆளைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா: ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் எனக்கு, ஆர்டர் வற்றிய காலத்தில் ஆளைக் குறைப்பதா, எல்லோருக்கும் வேலைநாளைக் குறைப்பதா என்ற கேள்வி இரண்டு முறை வந்தது. 2020 ஊரடங்கில் 11 பேரில் ஐவரை நிறுத்தினேன். 2025இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிக் கடைக்காரர்கள் ஆர்டரைச் சுருக்கியபோது, ஒருவரையும் நிறுத்தாமல் வாரம் நான்கு நாள் வேலை என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் செய்து பார்த்தபின் நாள்குறைப்பின் பக்கமே நிற்கிறேன்.

ஆள்குறைப்பின் சாதகம் எல்லோரும் அறிந்ததே: சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடா அந்த வாரமே இளைக்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது சேதாரம். கொலுசின் கண்ணிகளை இணைக்கப் பற்றாசு (எளிதில் உருகும் ஒட்டு உலோகம்) வைத்துச் சுடரை ஊதும்போது சுடர் ஒரு கணம் கூடுதலாக நின்றால் கண்ணியே உருகி உருண்டுவிடும். ஒரு கணம் குறைந்தால் மெருகு போடும்போது பற்று விட்டுவிடும். பழகிய கை, வெள்ளியின் நிறத்தைப் பார்த்தே சுடரை விலக்கும். அப்படிப்பட்ட கைகாரர் ஒருவரைத்தான் 2020இல் நிறுத்தினேன். தீபாவளி ஆர்டர் வந்து அழைத்தபோது அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தார். "இங்கயே செட்டாயிட்டேங்க" என்று சொல்லிவிட்டார். அவரிடத்தில் வந்த பையனுக்குக் கை பழக ஓராண்டு ஆயிற்று. கிலோவுக்குப் 10 கிராம் சேதாரம் கூடினால், கிலோ லட்ச ரூபாய் என்ற 2025 கணக்கில் கிலோவுக்கு 1,000 ரூபாய் போகும். இந்த நஷ்டம் ஆளை நிறுத்திய செலவென்று எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. சேதாரப் பத்தியில் கலந்துவிடுவதால் முதலாளி பையனைத் திட்டுகிறார். நானும் திட்டினேன்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுக் கடை நிறுவனம் 2007இல் கூடுதல் சம்பளம் வாங்கிய 3,400 விற்பனையாளர்களை நீக்கிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடியது. 2008 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. அது ஒன்றே காரணமல்ல என்றாலும், பொருளை விளக்கி விற்கத் தெரிந்தவர்களை முதலில் அனுப்பியது எனக்குப் பழகிய தவறாகவே தெரிகிறது. ஜெர்மனியிலோ 2009இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்த நேர வேலையில் தக்கவைக்கப்பட்டனர். இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை, குழந்தையுள்ளவர்களுக்கு 67 விழுக்காட்டை, காப்பீட்டு நிதி ஈடுகட்டியது.

எங்களுக்கு அப்படி ஈடுகட்ட யாருமில்லை. மேலும், எங்கள் மந்தம் எட்டு மாதத்தில் விலகியது. அது இரண்டாண்டு நீண்டிருந்தால் இதே முடிவில் நின்றிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். கைத்திறன் அதிகம் தேவைப்படாத பேக்கிங் போன்ற வேலைகளுக்கும் என் கணக்கு அப்படியே பொருந்தாது. நான்கு நாள் கூலியில் குடும்பம் ஓடாமல் ஆட்கள் கேட்ட முன்பணத்தை வட்டியின்றிக் கொடுத்தேன். அதில் பாதி இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.