எம்சிஆர் செருப்பு: ஒரு வருஷம் போட்டுத் தேய்ச்ச பொறவு எழுதுறேன்

நான் குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுற ஆளு, சுகர் வந்து 11 வருஷம் ஆச்சு. நேரம் வெளுக்கும் முன்ன ஹெட்லைட்ட கட்டிட்டு தோட்டத்துல ஏறுனா 300 மரம் முடிக்கதுக்குள்ள எவ்வளவு நடைன்னு வெட்டுறவங்களுக்குத் தெரியும். சாதா ஹவாய் செருப்புதான் போட்டுட்டு இருந்தேன். ஒருநாள் வேலை முடிஞ்சு வந்து கட்டஞ்சாயா குடிச்சிட்டு இருக்கேன், வீட்டுக்காரி "இது என்னது, தரையில செவப்பா வட்டம் வட்டமா கெடக்கு"ன்னு கேக்கா. வெளிய கழட்டிப் போட்ட செருப்ப எடுத்துப் பாத்தா பொடி ஆணி ஒண்ணு அடியில ஏறி மேல நீட்டிட்டு நிக்குது. எத்தன மரத்துக்கு அதச் சவுட்டிட்டே நடந்தேனோ, வலியே இல்ல.

டாக்டர் கண்ண மூடச் சொல்லிட்டு ஒரு நைலான் இழைய வச்சு உள்ளங்கால்ல பத்து எடத்துல தொட்டாரு, நாலு எடம் எனக்குத் தெரியவே இல்ல, சுகரால காலு மரத்துப் போயிருக்கு. அப்பதான் எம்சிஆர் செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலார் ரப்பர்ன்னு மெத்துன்னு உள்ள ரப்பர் வச்சு சுகர்காரங்க காலுக்குன்னு செய்ற செருப்பு, வாங்கச் சொன்னாரு.

முதல்ல வாங்குனது ஏமாத்து. "டயாபடிக் செருப்பு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஒரு கடையில குடுத்தான், கடை பேரு வேண்டாம், உள்ள வெறும் ஸ்பாஞ்சு, ரெண்டு மாசத்துல அப்பளம் மாதிரி அமுங்கி பசையும் விட்டுட்டு. ரெண்டாவது மார்த்தாண்டத்துல கால அளவெடுத்து செய்ற ஒருத்தர்ட்ட 950 ரூவாய்க்கு வாங்குனேன், இந்த ரிவ்யூ அதுக்குத்தான். மேல இருக்க ரப்பர பெருவிரலால அழுத்துனா குழிஞ்சு உடனே எழும்பணும், அடிசோல் கட்டியா இருக்கணும், முள்ளு ஏறப்பிடாது, எங்கயும் ஆணி அடிச்சிருக்கப்பிடாது, விரல் இடுக்குல பட்டை வரப்பிடாது, குதிங்காலுக்கு பின்னால வார் வேணும். இதுல எல்லாமே இருக்கு. வாங்கப் போறவங்க சாயங்காலம் போங்க, காலு அப்பதான் கொஞ்சம் வீங்கி இருக்கும், காலையில அளவு குடுத்தா பொறவு இறுக்கும்.

குறைன்னா மழை. நமக்கு ஆனி மழையும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, ஒருக்கா நனைஞ்சா ரெண்டு நாளு காயாது, பாசி பிடிச்ச கல்லுல வழுக்கவும் செய்யும், அதனால மழையில தோட்டத்துக்கு இத போடுறதில்ல. பாக்கவும் அழகு கெடையாது, கல்யாண வீட்டுக்கு போட்டுட்டு போனா "என்ன மக்கா, ஆஸ்பத்திரில இருந்து நேரா வாறியா"ன்னு கேப்பானுவ. கேக்கட்டும்.

இந்த செருப்ப வச்சே நெறைய பேருட்ட பேச்சு குடுத்திருக்கேன். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வாற அக்கா எங்க தெருவுக்கு வந்தா நானும் கூட போவேன், மாத்திரைய அவங்க குடுப்பாங்க, நான் அங்க உள்ள பெரியவங்ககிட்ட ஒரு கண்ணாடிய தரையில வச்சு உள்ளங்கால பாக்கச் சொல்லுவேன். முன்ன நானும் சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடுனவன்தான், முஞ்சிறை திருமலையில தொடங்கி நட்டாலம் வரை 12 சிவன் கோயிலும் வெறுங்கால்ல. இப்ப ஓட மாட்டேன். போன சிவராத்திரிக்கு கல்குளம் கோயில் பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் துண்டும் மருந்து டப்பாவும் வச்சு உக்காந்திருந்தேன், உச்சி வெயில்ல ரோடு கொதிக்குது. கையில விசிறியோட "கோபாலா கோவிந்தா"ன்னு வந்த ஒரு அண்ணாச்சிக்கு கால கழுவி விட்டா கொப்புளம் உடைஞ்சு தோலு தொங்குது, அவரு "ஒண்ணும் இல்லடே, தண்ணி மட்டும் தா"ன்னாரு. சுகர் உண்டான்னு கேட்டேன். "அது கெடக்கு, ஏழெட்டு வருஷமா". கட்டு போட்டு பைக்குல ஏத்தித்தான் மிச்ச கோயிலுக்கு அனுப்புனேன், திட்டிட்டேதான் போனாரு. அடுத்த வாரம் அவரே மார்த்தாண்டத்துல அந்த செருப்புக்காரர் கடையில நிக்காரு.

மார்க்கு கேட்டா 5-க்கு 4, ஒண்ணு மழைக்கு குறைச்சாச்சு. என் ஜோடி குதிங்கால் பக்கம் அமுங்கத் தொடங்கிட்டு, வேற ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், இந்த தடவ பிரௌன்.