லிக்விட் கூலர் இருந்தும் சூடாகும் ப்ராசசர்: பழுது பார்ப்பதா, டவர் கூலருக்கு மாறுவதா, மின்வரம்பு வைப்பதா?

லிக்விட் கூலர் (ப்ராசசரின் வெப்பத்தைப் பம்ப், குழாய்கள் வழியே திரவத்தால் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் விசிறியால் ஆற்றும் அமைப்பு) பொருத்திய கணினியிலும் ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் மூன்று வழிகள் உண்டு. இருக்கும் கூலரைச் சரிசெய்யலாம், திரவமில்லாமல் உலோகத் தகடுகளும் விசிறியும் வைத்த டவர் கூலருக்கு மாறலாம், அல்லது பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ப்ராசசர் இழுக்கும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கலாம். 2022-இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் ப்ராசசரை முன்வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன். முழுச்சுமையில் 95 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது; ஆகவே வெப்ப எண்ணை மட்டும் பார்த்துப் பழுது என்று முடிவுகட்ட இயலாது.

அந்த 95 டிகிரியில் ப்ராசசர் எத்தனை வாட் இழுக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். 200 வாட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டு 95-இல் நின்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. 100 வாட்டிலேயே அந்த அளவைத் தொட்டால் கோளாறு உண்டு. அப்போது குழாய்களைத் தொட்டுப் பார்ப்பது பாதி விடையைத் தந்துவிடும். ஒரு குழாய் சுட்டு, ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் நீரோட்டம் நின்றிருக்கிறது. இரண்டு குழாய்களும் ரேடியேட்டரும் சேர்ந்து சுட்டால் விசிறியோ தூசியோ காரணம். எல்லாம் குளிர்ந்திருக்க ப்ராசசர் மட்டும் சுட்டால், தெர்மல் பேஸ்ட்டையும் (ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் வெப்பம் கடத்தும் பசை) திருகுகளின் இறுக்கத்தையும் சோதிக்க வேண்டும். (கூலரின் அடித்தகட்டிலுள்ள பிளாஸ்டிக் உறையை உரிக்காமலே பொருத்திவிடுவோரும் உண்டு.) பம்ப் வயரை ப்ராசசர் விசிறிக்கான இணைப்பில் செருகியிருந்தால், வெப்பம் குறையும்போது மதர்போர்டு பம்பின் வேகத்தையும் குறைத்துவிடும், அதை எப்போதும் முழுவேகத்தில் ஓடும்படி அமைப்பது நல்லது. ரேடியேட்டரின் மேல்விளிம்பைவிட பம்ப் உயரத்தில் இருந்தால் காற்றுக்குமிழி அதில் போய்த் தங்கும். இவையெல்லாம் செலவில்லாமல் திருத்தக்கூடியவை. ஆனால் மூடிய அமைப்பிலும் குழாய்ச் சுவர் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் சிறிதுசிறிதாகக் குறைகிறது. பெரும்பாலான மாடல்களில் மறுபடி நிரப்ப வழியில்லை என்பதால் பழைய கூலரைப் பழுது பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

டவர் கூலரில் பம்ப்பே இல்லை. கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான், அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். நாக்டுவா என்எச்-டி15 போன்ற பெரிய கூலர் 7950எக்ஸைத் தாங்கும். முழுச்சுமையில் ப்ராசசரின் வேகம் சற்றுக் குறையலாம். எனினும் அதன் உயரம் 165 மி.மீ. என்பதால் கேபினட்டின் அகலத்தையும் ரேமுக்கு மேலுள்ள இடத்தையும் அளந்த பிறகே வாங்க வேண்டும். வெப்பத்தைக் கேபினட்டுக்குள்ளேயே கொட்டுவதால் காற்று வெளியேறும் வழியும் சீராக இருக்க வேண்டும். அறை 35 டிகிரியில் இருந்தால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே இறக்காது.

மூன்றாவது வழி மின்வரம்பு; அதற்கான ஈகோ மோட் என்ற பயாஸ் அமைப்பு பலர் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்று. இயல்பாக 230 வாட் வரை செல்லும் வரம்பு, ‘105 வாட்’ என்று பெயரிட்ட ஈகோ மோடில் 142 வாட்டாகவும், ‘65 வாட்’ மோடில் 88 வாட்டாகவும் இறங்குகிறது. விளையாட்டுகளில் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ரெண்டரிங்கில் (காட்சிகளைக் கணக்கிட்டு உருவாக்கும் கனமான வேலை) முதல் மோடில் இழப்பு சிறிது, இரண்டாவதில் அதைவிடக் கூடுதல்.

கூலர் நலமாக இருந்தால் என் தேர்வு 105 வாட் மோடுதான். பம்ப் செத்துவிட்டிருந்தால் டவர் கூலர். மணிக்கணக்கில் ரெண்டர் செய்வோருக்கும், உயரமான கூலர் அடங்காத கேபினட் வைத்திருப்போருக்கும் மட்டுமே 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட புதிய லிக்விட் கூலரைப் பரிந்துரைப்பேன். ஆனால் பம்ப் நின்றுபோன கணினியில் ஈகோ மோட் வைப்பது கோளாறைச் சில நாள் மறைக்கும், அவ்வளவே. 88 வாட்டிலும் 95 டிகிரியைத் தொட்டால், மென்பொருள் அமைப்புகளை விட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடலாம்.