பி.ஏ. எகனாமிக்ஸும் ‘மனமுவந்த’ நன்கொடையும்

போன வாரம் எதிர்வீட்டு அக்கா நான் படித்த கல்லூரியின் நோட்டீஸோடு வந்தார். மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. காமர்ஸ் குரூப், நல்ல மார்க். "நீயும் இங்கதான படிச்ச கண்ணு, இவளைச் சேக்கலாமா?" என்று கேட்டார்.

வழவழ தாளில் நாலு பக்கம். ‘பி.ஏ. பொருளியல், டேட்டா அனலிடிக்ஸ் ஸ்பெஷல் ட்ராக், ஐ.ஏ.எஸ்., ஐ.இ.எஸ்., ரிசர்வ் வங்கித் தேர்வுப் பயிற்சியுடன்’ என்று போட்டிருந்தது. 2022இல் என் கையில் கொடுத்ததும் இதே வாசகம்தான், இதே படம்தான். ஸ்பெஷல் ட்ராக்குக்கு அப்போது வருஷத்துக்கு 42,000 ரூபாய். இப்போது 55,000.

அக்காவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். புகார் இன்னும் முடியாததால் கல்லூரியின் பெயரைப் போடவில்லை. விசாரித்தவரை வேறு சில கல்லூரிகளிலும் பாடத்தின் பெயரை மட்டும் மாற்றி இதே வேலை நடக்கிறது. அதனால் பெயர் இல்லாவிட்டாலும் பதிவு உதவும் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்கு ஈரோடு பக்கம் நூலுக்குக் கஞ்சி போடும் ஒரு சைசிங் மில்லில் வேலை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.காம். விசாரிக்கத்தான் போனோம். அட்மிஷன் கோ-ஆர்டினேட்டர் என்று ஒருவர் எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். "அண்ணா, பாப்பாவை பி.காம்ல போட்டீங்கன்னா ஏதாவது ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதும். இதுல போடுங்க, டெல்லிக்குப் போகும்" என்றார். டெல்லி என்ற ஒரு சொல்லுக்கு அப்பா விழுந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

அன்று இரண்டு ரசீது கொடுத்தார்கள். 18,500 ரூபாய்க்குக் கல்லூரியின் பெயரில் ஒன்று. 42,000 ரூபாய்க்கு ஏதோ ஒரு அறக்கட்டளையின் பெயரில் இன்னொன்று. இரண்டாவதின் அடியில் பொடி எழுத்தில் ‘கல்வி வளர்ச்சிக்காக மனமுவந்து அளித்த நன்கொடை’ என்று இருந்தது. அப்பா அதைப் படித்தார். "இது என்னங்க நன்கொடைன்னு இருக்கு?" என்று கேட்கவும் செய்தார். "அதெல்லாம் ஆடிட்டிங்குக்காகங்க அண்ணா" என்று பதில் வந்தது. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருடத்தில் அந்த ஸ்பெஷல் ட்ராக்குக்கு எத்தனை வகுப்பு நடந்தது தெரியுமா? 11 சனிக்கிழமைகள். என் நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு பையன் வருவார், எங்களைவிட நாலு வயது மூத்தவர் இருப்பார். எக்செல்லில் வி-லுக்கப், பிவட் டேபிள். பைத்தான் என்று ஆரம்பித்து, திரையில் ‘ஹலோ வேர்ல்ட்’ வரவழைத்ததோடு அது முடிந்தது. லேபில் நாற்பது பேருக்கு 14 கணினி. கடைசியில் யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரில் தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ் வந்தது. பல்கலைக்கழகப் பட்டத்தில் இருப்பது ‘பி.ஏ. பொருளியல்’ மட்டும்தான். அந்த ட்ராக் பற்றி மார்க் ஷீட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது வெறும் பி.ஏ. பொருளியலுக்கு. மற்றதெல்லாம் இவர்களே ஒட்டிய லேபிள்.

பணம் போனதைவிட எனக்கு வலிப்பது பொருளியல் போனதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சேரும்போது யாரும் இதைக் கேட்பதில்லை.

பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்திலேயே வகையிடல் இருக்கிறது. செலவுச் சார்பு, தேவை நெகிழ்ச்சி எல்லாம் வகைக்கெழு வைத்துக் கணக்காகவே போட்டிருக்கிறோம். அதை முடித்துவிட்டு காலேஜுக்குப் போனால், அங்கே மைக்ரோ (நுண்பொருளியல்) பேப்பரில் ஒரு இடத்தில்கூடக் கணக்கு கிடையாது. சமநோக்கு வளைகோட்டை (ஒரே அளவு திருப்தி தரும் பொருள் கலவைகளைக் காட்டும் கோடு) ஸ்கேல் வைத்து அழகாக வரைந்து, வரவுசெலவுக் கோடு அதைத் தொடும் இடத்தில் புள்ளி வைத்து, கீழே அஞ்சு வரி எழுதினால் அஞ்சு மார்க். அந்தப் புள்ளி ஏன் அங்கே வருகிறது, விலை மாறினால் எவ்வளவு நகரும் என்பதைக் கணக்காகப் போடச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. புள்ளியியலில் சராசரி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம், அத்தோடு சரி.

எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசும் பாடம், விருப்பப் பாடமாக பல்கலைக்கழக சிலபஸில் இருந்தது. ஆனால் விருப்பம் மாணவருடையது அல்ல, கல்லூரியுடையது என்பது மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. பட்டியலில் எதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதோ அதைத்தான் எடுப்பார்கள். எங்களுக்குச் சுற்றுலாப் பொருளியல் வந்தது. (கேரளாவின் படகு வீடுகளைப் பற்றி இப்போதும் பத்து மார்க்குக்கு எழுதுவேன்.)

மேடம்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. துறையில் மூன்று பேர்தான், மூவரும் தொகுப்பூதியத்தில் இருந்தார்கள். அதிலும் ஒருவர் பி.பி.ஏ.வுக்கும் போய் வகுப்பெடுக்க வேண்டும். பழைய கார் விற்பவனுக்கு வண்டியின் கோளாறு தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது, அந்த இடைவெளியே சந்தையைக் கெடுத்துவிடும் என்று 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆக்கர்லாஃப் எழுதியதை எனக்குச் சொன்னது அந்த மேடம்தான், சிலபஸில் இல்லாமலேயே. அதற்கு 2001இல் நோபல் கிடைத்தது என்று சொல்லிவிட்டு, "உங்க அட்மிஷன் நோட்டீஸை எடுத்துப் பாருங்கடி" என்று சிரித்தார். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

நோட்டீஸில் இருந்த ஐ.இ.எஸ். விஷயத்துக்கு வருகிறேன். இந்தியப் பொருளாதாரப் பணி என்று யு.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு அது. அதற்கு பி.ஏ. போதாது, பொருளியலிலோ அதை ஒட்டிய பாடத்திலோ முதுகலைப் பட்டம் வேண்டும். சில ஆண்டுகளில் மொத்த இடமே இருபதுக்கும் குறைவு. ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுத் துறைக்கான கிரேடு பி பதவிக்கும் முதுகலை கேட்பார்கள். பொதுப்பிரிவு கிரேடு பி-க்கு எந்தப் பாடத்துப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம், அதற்குப் பொருளியல் பட்டமே தேவையில்லை. ஆக, ‘பி.ஏ. முடித்ததும் ஐ.இ.எஸ்.’ என்று எங்களிடம் சொன்னது முழுப் பொய். யு.பி.எஸ்.சி. அறிவிக்கையைப் பத்து நிமிடம் படித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். படிக்கவில்லை.

முதுகலைக்குப் போகலாம் என்று 2025 பிப்ரவரியில் ஐ.ஐ.டி.களின் ஜாம் என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுதினேன். 2021இலிருந்து அதில் பொருளியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். மைக்ரோ, மேக்ரோ, புள்ளியியல், கணிதம், இந்தியப் பொருளாதாரம். கடைசிப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் வேறு யாரோ படித்த பட்டத்தின் தேர்வு போல இருந்தது. நிகழ்தகவுப் பரவல், அணிகள், கட்டுப்பாட்டோடு கூடிய உச்சமாக்கல் என்று கேள்வி மேல் கேள்வி. கட் ஆஃப் பக்கமே போகவில்லை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் முதல் தாளே கணிதம்தான் என்று தெரிந்ததும் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை.

அப்புறம் பெங்களூரில் ஒரு நேர்காணல். தங்க முத்திரைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ரெக்ரெஷன்ல இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க" என்றார்கள். ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று தரவிலிருந்து கணிக்கும் முறை அது. எனக்குத் தெரியவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

நடுவில் ஏன் விலகவில்லை என்று கேட்பீர்கள். முதல் வருஷம் அக்டோபரிலேயே கேட்டேன். "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு டி.சி. வாங்கிக்கோம்மா" என்றார்கள். பயந்துபோய்த் திரும்பிவிட்டேன். அது செல்லாத பேச்சு என்று இப்போது தெரியும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அக்டோபர் அறிவிக்கைப்படி ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. முழுப் படிப்புக்குமான கட்டணத்தை முன்கூட்டிக் கேட்கவும் கூடாது. விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் என்றால், சிறு பிடித்தம் போக முழுத்தொகை. அதற்குப் பிறகு, ஆனால் கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாள் வரை 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. நான் அக்டோபரில் போய்க் கேட்டபோது அந்தக் கெடுவெல்லாம் முடிந்திருந்தது. ஆனால் 2022-23க்கு மட்டும், அக்டோபர் 31 வரை விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. தனியாகச் சொல்லியிருந்தது. விதிப்படி பணமும் வந்திருக்க வேண்டும், டி.சி.யும் வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் ஆரம்பத்தில் மறுபடி வீட்டில் பேச்சு வந்தது. "ரெண்டு வருசம் கட்டினது வீணாப் போயிரும் கண்ணு" என்றார் அப்பா. மூழ்கிய செலவு (ஏற்கெனவே போய்விட்ட, இனித் திரும்பி வராத பணம்; அடுத்த முடிவை அதை வைத்து எடுக்கக் கூடாது) என்றால் என்ன என்று நான் அந்த மாதம்தான் இன்டர்னலில் இரண்டு மார்க்குக்குச் சரியாக எழுதியிருந்தேன். எழுதிவிட்டுப் போய் மூன்றாவது 42,000-ஐயும் கட்டினோம்.

என்னோடு பத்தாவது வரை படித்த தோழி அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழியில் இதே பி.ஏ. முடித்தாள். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வந்தது. அவள் சாருக்குக் கணிதம் பிடிக்கும் போல, கட்டுப்பாட்டோடு கூடிய உச்சமாக்கலுக்கான லக்ராஞ் முறையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார். இப்போது எம்.ஏ. படிக்கிறாள். அவள் நோட்டைத்தான் நான் இப்போது வாங்கி வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் எகனாமெட்ரிக்ஸ். பாடம் இலவசம், தேர்வு எழுத 1,000 ரூபாய். மூன்று வருடத்தில் 1,26,000 ரூபாய்க்குக் கிடைக்காதது.

அதனால் அக்காவிடம் சொன்னது இதுதான். பொருளியல் நல்ல படிப்பு, சேருங்கள். ஆனால் நோட்டீஸைப் பார்த்துச் சேராதீர்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தக் கல்லூரிக்கு எந்தப் பெயரில் பாடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிலபஸை இறக்கி, கணிதமும் புள்ளியியலும் எத்தனை பேப்பர் என்று எண்ணுங்கள். விருப்பப் பாடங்களில் போன வருஷம் எதை நடத்தினீர்கள் என்று துறையிலேயே கேளுங்கள். அதைவிட நல்லது, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேட்பது. பணம் எண்ணுவதற்கு முன்னால் ரசீதில் யார் பெயர் வரும் என்று கேளுங்கள். கல்லூரி பெயரில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், டீயைக் குடித்துவிட்டேகூட.

புகார் விஷயம். கல்லூரிக் குறைதீர்க்கும் குழுவுக்குக் கொடுத்தேன். ‘அது அறக்கட்டளைக்குத் தாங்கள் விரும்பி அளித்த நன்கொடை, கல்லூரிக்குத் தொடர்பில்லை’ என்று ஒரு பக்கப் பதில் வந்தது. 2023 விதிகளின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர்களுக்குக் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அவருக்கு எழுதியிருக்கிறேன். யு.ஜி.சி.யின் இ-சமாதான் என்ற புகார் தளத்திலும் போட்டாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். கல்லூரிப் படிப்பு அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதே வாதமாகிவிடும் என்றார். கட்டாய நன்கொடையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் இருக்கிறது, அந்த வழியைப் பார் என்றார்.

அதற்கு என்னிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. கோ-ஆர்டினேட்டர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தி: ‘ஸ்பெஷல் ட்ராக் ஃபீஸ் கட்டாதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை, தாமதத்துக்கு 500 அபராதம்.’ மனமுவந்து கொடுக்கும் நன்கொடைக்கு எந்த ஊரில் அபராதம் போடுகிறார்கள்?

இதே மாதிரி அறக்கட்டளை ரசீதோ, இப்படிப்பட்ட வாட்ஸ்அப் செய்தியோ உங்களிடம் இருந்தால் அழிக்காதீர்கள், நகல் எடுத்து வையுங்கள். எங்கள் வகுப்பிலிருந்து இதுவரை ஆறு பேர் தந்திருக்கிறார்கள். குறைதீர்ப்பாளருக்கு அடுத்த கடிதம் இந்த மாதக் கடைசியில் அனுப்புகிறேன். சேர்ந்துகொள்கிறவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.