கொழும்பு வெக்கையில் ஐந்து சிங்கிள் மோல்ட்: எது தாக்குப்பிடிக்கிறது?

சிங்கிள் மோல்ட் என்பது ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி. போத்தலில் எழுதியிருக்கும் வயதை மட்டும் பார்த்து அதை வாங்கினால் கொழும்பில் ஏமாற்றம்தான். இங்கே முதலில் பார்க்கவேண்டியது மதுசார வீதம். அறைக்குள் 30 பாகை வெக்கை இருக்கும்போது மதுசார ஆவி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும். அதை அடக்க ஐஸ் போடுவார்கள். 40 வீத விஸ்கி 30 மில்லிலீற்றரில் ஐஸ் உருகி 20 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்ந்தால் மதுசாரம் 24 வீதத்துக்கு இறங்கிவிடும். வாசனையும் குளிரில் அடங்கிப் போகும்.

போத்தலை அரை மணி நேரம் பிரிட்ஜில் நிமிர்த்தி வைத்தால் நாலைந்து பாகை குறையும், அதுவே போதும். வாய் குறுகிய கிளாஸில் ஆளுக்கு 15 மில்லிலீற்றர் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு முகரவேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் இருக்கும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நல்லது. பைட்ஸ் எல்லாம் பிறகுதான். டெவில்ட் கோழியும் மிளகாய் போட்ட கச்சானும் நாக்கை மரக்கச் செய்துவிடும். இடையிடையே வெறும் கிரீம் கிரேக்கர் கடித்தால் வாய் சுத்தமாகும்.

மென்மையானதில் தொடங்கிப் புகை கூடியதில் முடிப்பதே சரியான வரிசை. முதலில் கிளென்லிவெட் 12, 40 வீதம். ஆப்பிள், அன்னாசி, வனிலா, அவ்வளவுதான். சில துளி தண்ணீருக்கே தட்டையாகிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவருக்குப் பரவாயில்லை.

பல்வெனி டபுள்வூட் 12 இதைவிட ஒரு படி மேல். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்ததை ஏறக்குறைய ஒன்பது மாதம் ஷெரி என்ற ஸ்பானிய வைன் பீப்பாயில் வைக்கிறார்கள். தேன், உலர்ந்த திராட்சை, கறுவா. ஹல்மில்ல மரப் பீப்பாயில் கிடந்த தென்னஞ் சாராயத்துக்குப் பழகிய நாக்கு இந்த இனிப்பை உடனே பிடித்துக்கொள்ளும். விழுங்கியபின் சுவை நீண்டு நிற்காததுதான் குறை.

மூன்றாவது பெங்களூரின் அம்ருத் பியூஷன், 50 வீதம். இந்தியப் பார்லியோடு பீட் எனும் சதுப்புநிலக் கரிமண்ணை எரித்துப் புகை ஏற்றிய ஸ்கொட்லாந்துப் பார்லியும் சேர்ந்தது. போத்தலில் வயது இல்லையே என்று ஒதுக்கவேண்டாம். ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 வீதமளவில் ஆவியாகிறதென்றால், பெங்களூரில் அது 10 வீதத்தையும் தாண்டும். மரத்தின் சாரம் வேகமாக இறங்குகிறது. 12 வருடம் காத்திருந்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான். தண்ணீர் விடாமல் குடித்தால் எரிவு மட்டுமே தெரியும். 15 மில்லிலீற்றருக்கு அரைத் தேக்கரண்டி தண்ணீர் விட்டால் 43 வீதத்துக்கு வரும். அப்போதுதான் தோடம்பழத் தோல், சொக்லேட், மெல்லிய புகை எல்லாம் வெளியே வரும். பீட் வாசனைக்குக் காரணமான குவாயகோல் கடும் மதுசாரத்தில் உள்ளே அமுங்கிக் கிடக்கும், ஐதாக்கினால் மேற்பரப்புக்கு வரும் என்று சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் கணினிக் கணிப்பில் காட்டினார்கள்.

ஐந்திலும் கொழும்புக்கு ஏற்றது டலிஸ்கர் 10. ஸ்கொட்லாந்தின் ஸ்கை தீவில் 1830இல் தொடங்கிய வடிசாலை. 45.8 வீதம். அங்கே ஆவியைத் தணிப்பது பழைய முறையில், தண்ணீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செப்புக் குழாயால். செம்போடு ஆவி உராய்வது குறைவாதலால் கனமான சாரம் தங்கிவிடுகிறது. இந்தக் கனத்தால்தான் எங்கள் வெக்கையிலும் சுவை கலைவதில்லை. கடலுப்பு, புகை, கடைசியில் தொண்டையில் ஏறும் மிளகுக் காரம். இருபது துளி தண்ணீர் போதும், அதற்குமேல் விட்டால் மிளகு போய்விடும்.

அர்ட்பெக் 10, 46 வீதம், கடைசியில். இதைக் குடித்தபின் வேறெதுவும் ருசிக்காது. மாசிக் கருவாட்டுப் புகையும் ஆஸ்பத்திரி மருந்து வாசமும் முதலில் முகத்திலடிக்கும். ஆனாலும் உள்ளே எலுமிச்சையும் இனிப்பும் இருக்கின்றன. வடிகலத்தில் பொருத்திய ஒரு குழாய் கனமான ஆவியைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் காரணம். குளிரவைத்தாலோ தண்ணீர் விட்டாலோ இது கலங்கலாம். கலப்படம் அல்ல. குளிரவைத்து வடிகட்டும் குளிர்வடிகட்டல் செய்யாததால் தங்கிய, எண்ணெய் போன்ற கொழுப்பமில எஸ்தர்கள்தான் அப்படித் தெரிகின்றன.

போயாவுக்கு முதல் நாள் அவசரத்தில் வாங்காமல், மதுவரி ஸ்டிக்கரையும் மூடியின் சீலையும் நிதானமாகப் பாருங்கள். போத்தலை நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் மதுசாரம் தக்கையை அரித்துவிடும். மூன்றிலொரு பங்குக்குக் குறைந்ததும் சிறிய போத்தலுக்கு மாற்றி, காற்றுக்கு இடமில்லாமல் மூடிவிடவேண்டும். எங்கள் வெப்பத்தில் முதலில் பறப்பது கிளென்லிவெட்டின் பழ வாசனைதான். திறந்தால் அதை முதலில் முடியுங்கள்.