வயிற்றுக்கு இதமான புரோட்டீன் பவுடர்: சுவையில்லா ஐசோலேட்டும் அதன் நுரையும்

"வே குடிச்சா வயிறு உப்புது. ஐசோலேட்டுக்கு மாறினா சரியாயிடுமா?" வே என்பது பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதம். அதில் பால் சர்க்கரையும் கொழுப்பும் ஓரளவு தங்கிய பவுடர் கான்சென்ட்ரேட், அவற்றைப் பெரும்பாலும் வடிகட்டி எடுத்தது ஐசோலேட். மாறினால் பாதிப் பேருக்குச் சரியாகும். மீதிப் பேர் கூடுதல் காசு கொடுத்து அதே உப்புசத்தை வாங்குவார்கள். சந்தேகத்தை எல்லாரும் பால் சர்க்கரையான லாக்டோஸ் மேலேயே போடுவதுதான் காரணம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் வேறு ஆட்கள் மாட்டுவார்கள்.

இது சுவையூட்டாத வே ஐசோலேட்டின் நீண்டகாலப் பயன்பாடு பற்றிய பதிவு. உட்பொருள் பட்டியலில் இரண்டே பெயர்கள்: வே புரோட்டீன் ஐசோலேட், சூரியகாந்தி லெசித்தின் (பவுடர் எளிதில் கரையச் சேர்ப்பது). வயிற்றைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நுரையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் லாக்டோஸ் கணக்கு. 80 சதவீதப் புரதம் உள்ள கான்சென்ட்ரேட்டில் 30 கிராம் ஸ்கூப்புக்குச் சுமார் 1.5 முதல் 2.5 கிராம் லாக்டோஸ் இருக்கும். ஐசோலேட்டில் பெரும்பாலும் 0.3 கிராமைத் தாண்டாது. 250 மில்லி பாலில் இருப்பதோ ஏறக்குறைய 12 கிராம். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களிலும் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். ஆகவே தண்ணீரில் கலந்த ஒரு ஸ்கூப் கான்சென்ட்ரேட் மட்டுமே ஒருவரைப் புரட்டிப் போட்டால், அவர் மிகவும் கூருணர்வு உள்ளவராக இருக்க வேண்டும், அல்லது டப்பாவில் வேறு ஏதோ இருக்க வேண்டும். ஐசோலேட்டை வாங்கிப் பாலில் கலப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? 0.3 கிராமுக்காகக் காசு கொடுத்துவிட்டு 12 கிராமைக் கையால் ஊற்றிக்கொள்கிறார்கள்.

கான்சென்ட்ரேட் என்ற பெயரை மட்டும் நம்பவும் கூடாது. 35 சதவீதப் புரதம் உள்ள வகையும் அதே பெயரில் வரும். அதில் பாதி எடை லாக்டோஸ்தான். புரதக் கிராமை ஸ்கூப்பின் கிராமால் வகுத்துப் பாருங்கள். 30-க்கு 24 என்றால் 80 சதவீதம். 70-க்குக் கீழே போனால் மீதி எடை எங்கே போயிற்று என்று பட்டியலில் தேட வேண்டும்.

உண்மையான வில்லன்கள் இருப்பது அந்தப் பட்டியலின் வாலில். இனுலின் அல்லது சிக்கரி வேர் நார்: பெருங்குடலில் புளித்து வாயு கிளப்புவதில் கெட்டிக்காரன். சார்பிட்டால், மால்டிட்டால், சைலிட்டால் வகைச் சர்க்கரை ஆல்கஹால்கள்: முழுதாக உறிஞ்சப்படாமல் குடலுக்குள் நீரை இழுப்பவை. சாந்தன் கம், குவார் கம்: பானத்துக்கு மில்க் ஷேக் கெட்டித்தன்மை தருபவை, எல்லாருக்கும் தொல்லை தருவதில்லை, யாருக்குத் தருமோ அவர்களுக்கு விடாமல் தரும். "எளிதில் செரிக்கும்" என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கம் இனுலின் சேர்ப்பவர்களை மன்னிக்க மனம் வருவதில்லை. என்சைம் கலவையும் அப்படித்தான்: கான்சென்ட்ரேட்டில் லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் இருந்தால் பயன் உண்டு, லாக்டோஸ் ஏறக்குறைய இல்லாத ஐசோலேட்டில் அது அலங்காரம். ஹைட்ரோலைசேட் முன்கூட்டியே உடைக்கப்பட்ட புரதம், சரி. ஆனால் கசக்கும், சுவையூட்டிய வகைகளில் அந்தக் கசப்பை மறைக்க இனிப்பூட்டி கூடும்.

யார் குற்றவாளி என்பதை நேரமும் இடமும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். குடித்த சில நிமிடங்களில் ஏப்பமும் மேல்வயிற்று இறுக்கமும் வந்தால் அது பெரும்பாலும் விழுங்கிய காற்று. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அடிவயிறு கடகடவென்று உருண்டு பேதியானால் லாக்டோஸையோ சர்க்கரை ஆல்கஹாலையோ சந்தேகிக்கலாம். பல மணி நேரம் கழித்து உப்புசம் வந்தால் நார்ச்சத்து, கம். அழுகிய முட்டை நாற்றத்தோடு காற்றுப் பிரிந்தால் ஒரே வேளையில் புரதம் அதிகமாகியிருக்கலாம். வேயில் சிஸ்டீன் என்ற கந்தகமுள்ள அமினோ அமிலம் அதிகம், செரிக்காமல் பெருங்குடல் போனது அப்படித்தான் நாறும். இரண்டு ஸ்கூப்பை ஒரே மூச்சில் குடிக்காமல் காலை ஒன்று, மாலை ஒன்று என்று பிரித்தாலே இது பெரும்பாலும் அடங்கும்.

சுவையில்லா ஐசோலேட் இந்த வரிசையில் நடுவில் உள்ள இரண்டையும் துடைத்துவிடுகிறது. முதல் தொல்லையை மட்டும் இரட்டிப்பாக்குகிறது. ஏனென்றால் நுரை.

வே புரதம் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் விரிந்து படலமாகும். குமிழியைக் கட்டிக்காப்பது அந்தப் படலம்தான். கொழுப்பு அந்தப் படலத்தை உடைக்கும். கான்சென்ட்ரேட்டில் கொஞ்சம் கொழுப்பு மிச்சமிருப்பதால் நுரை குறைவு. ஐசோலேட்டில் கொழுப்பை வடிகட்டி எடுத்துவிட்டார்கள், ஆகவே ஷேக்கரில் பத்துக் குலுக்கு குலுக்கினால் பாதி டம்ளருக்கு வெள்ளை நுரை கெட்டியாக நிற்கும். உதட்டில் ஒட்டும், அடியில் உள்ள பானத்தை எட்ட விடாது, அவசரத்தில் குடித்தால் நுரையோடு காற்றும் உள்ளே போகும். செரிமானத்துக்காக வாங்கிய பொருளே ஏப்பம் விட வைக்கிறது!

குறைக்க வழி உண்டு. 50 மில்லி தண்ணீரில் பவுடரைத் தூவி, முள்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிளறிக் கூழாக்குங்கள். கட்டி கரைந்த பிறகு மீதி 200 முதல் 250 மில்லியை ஓரமாக ஊற்றி மெதுவாகக் கலக்குங்கள். ஷேக்கர்தான் வேண்டும் என்றால் தண்ணீர் முதலில், பவுடர் பிறகு. குலுக்கியதும் 10 நிமிடம் வையுங்கள். காபி நுரைக்கும் கைக்கருவியைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஒரு ஸ்பூன் கோகோ பவுடர் சேர்த்தால் அதிலுள்ள கொழுப்பு நுரையைக் கொஞ்சம் அடக்கும், சுவையும் தேறும். வெந்நீர் கூடாது, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புரதம் திரிந்து ரப்பர் துணுக்குகளாக மிதக்கும். செரிமானம் ஒன்றும் கெடாது, குடிக்கத்தான் மனம் வராது.

பவுடர் மேல் பழி போடுமுன் ஷேக்கர் மூடியைப் பாருங்கள். உட்புறம் ஒரு சிலிக்கோன் வளையம் இருக்கும். ஊசியால் நெம்பி எடுத்தால் அதன் பள்ளத்தில் பழுப்பாக ஒரு வழவழப்பு தெரியும்: பழைய புரதமும் கிருமியும். தினமும் டம்ளரை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் எந்த ஐசோலேட்டும் உங்களைக் காப்பாற்றாது. கலந்த பானத்தை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பதும் இதே கதைதான்.

புதிய பவுடரைச் சோதிக்கும்போது 15 கிராமில் தொடங்கி, தண்ணீரில் மட்டும் கலந்து, ஐந்து நாள் வேறெதையும் மாற்றாமல் பாருங்கள். பிறகு 30-க்குப் போகலாம். ஸ்கூப்பை நம்பாமல் தராசில் நிறுங்கள். பவுடர் அமுங்கியிருந்தால் அதே ஸ்கூப்பில் கூடுதல் எடை வரும். அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது லாக்டோஸ் சமாச்சாரம் இல்லை, பெரும்பாலும் பால் புரத ஒவ்வாமை. ஐசோலேட்டும் அவர்களுக்கு ஆகாது, உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாற்றுகளைச் சுருக்கமாகச் சொன்னால்: முட்டை வெள்ளைப் பவுடரில் லாக்டோஸ் இல்லை, ஆனால் நுரையில் ஐசோலேட்டுக்கு அண்ணன். பாலின் இன்னொரு புரதமான கேசின் வயிற்றில் தயிர்போல் உறைந்து மெதுவாகச் செரிக்கும், கனமாக உணர்பவர்கள் தவிர்க்கலாம். அரிசிப் புரதம் வயிற்றுக்குச் சாது. நாக்கில் மணல், லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு. பட்டாணியில் ஐசோலேட் என்று போட்டதையே எடுங்கள். வாயு கிளப்பும் சர்க்கரைகள் பிரித்தெடுக்கும்போது பெருமளவு போய்விடும், வெறும் பட்டாணி மாவிலும் கான்சென்ட்ரேட்டிலும் தங்கிவிடும். சோடியம் சற்று அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் லேபிளைப் பார்க்கவும்.

வயிற்றுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் சுவையில்லா வே ஐசோலேட்டுக்குப் பத்துக்கு ஒன்பது. ஆனாலும் அடுத்த டப்பா பட்டாணிதான். மண்வாடை அடிக்கும், தெரியும். காலை ஆறு மணிக்கு நுரை அடங்கட்டும் என்று டம்ளர் முன்னால் பத்து நிமிடம் நிற்பதற்கு மண்வாடை எவ்வளவோ தேவலாம்.